போனைப் பிடுங்கிய அந்த நொடி

ஏழாம் வகுப்புப் பையன். அம்மா என்னிடம் ஆலோசனைக்குக் கூட்டி வந்திருந்தார். அவர் முன்கையில் பல் பதிந்த தடம். நான் பார்ப்பது தெரிந்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "போனைப் பிடுங்கினேன் மேடம், கடிச்சிட்டான்." பையன் நிமிரவில்லை. மேசை விளிம்பில் அவன் கட்டைவிரல்கள் இரண்டும் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தன.

"நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே தம்பி?"

"ரெண்டரை."

காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன். இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். இவன் தூங்கியது நாலு. முரட்டுக் கோபத்தோடு வரும் பிள்ளைகளிடம் தூக்கத்தைத்தான் முதலில் விசாரிப்பேன். தூங்காத பிள்ளைக்குச் சின்னச் சொல்லும் பொறுக்காது.

சுடும் விளையாட்டால்தான் இப்படி ஆனான் என்கிறார் அம்மா. அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கை ஓங்கியது, ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்கியபோதுதான். ஃப்ரீ ஃபயர் மாதிரி விளையாட்டில் ஒரே நேரத்தில் 50 பேர் இறங்குவார்கள். நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. கூட ஆடும் மூன்று நண்பர்கள் காதில் கத்திக்கொண்டிருப்பார்கள். அப்போது பிடுங்கினால், கூட்டாளிகளை நட்டாற்றில் விட்ட கணக்கு அவனுக்கு. அதற்காகக் கடித்தது சரியாகிவிடாது. அதை அவனிடமே சொன்னேன்.

விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் அடிமைகள் இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் 'கேமிங் டிஸார்டர்' என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது: இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். இவன் கால்பந்தை விட்டே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஒரேயடியாகப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. "இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்காங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், ஆட்டம் முடிந்ததும் அவன் கையாலேயே கொடுக்கட்டும் என்றேன். ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லோர் போனும் சமையலறை அலமாரிக்குப் போக வேண்டும். அவன் கத்தும்போது பதிலுக்குக் கத்தாமல் விலகிவிட வேண்டும், பேச்சு மறுநாள். "செத்துப்போவேன்" என்று சொன்னால் மட்டும், மிரட்டல்தானே என்று ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

மூன்றாவது முறை வந்தபோது பையன் பதினோரு மணிக்குள் தூங்குவதாகச் சொன்னான். இரண்டு தடவை கத்தியிருக்கிறான், கை நீட்டவில்லை. அலமாரிக்கு இன்னும் வராதது அப்பாவின் போன்தான். அடுத்த முறை அவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.