மலையில் வீடு, சமவெளியில் ஊர்: பங்கசினான் மக்களின் உறவைக் காட்டிக்கொடுத்த ஒலிகள்

கல்வெட்டோ செப்பேடோ விட்டுச்செல்லாத மக்களின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிலிப்பைன்ஸின் பங்கசினான் மக்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

லூசோன் தீவின் மேற்கே, லிங்காயென் வளைகுடாவை ஒட்டியது பங்கசினான் மாகாணம். உப்பு விளைச்சலும் மீன் வளர்ப்பும் நெல்லும் நிறைந்த பூமி. 2020 கணக்கெடுப்பில் சுமார் 31 லட்சம் பேர். எல்லோரும் பங்கசினான் மொழி பேசுகிறவர்கள் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய இலோகானோக்களும் ஏராளம். நடை உடையைப் பார்த்தால் இருவரும் பங்காளிகள் என்றுதான் தோன்றும். இரண்டுமே ஸ்பானியர் காலத்தில் கிறித்தவத்துக்கு மாறிய சமவெளிச் சமூகங்கள். ஆனால் பங்கசினானின் நெருங்கிய சொந்தம் வடகிழக்கே மலைமேல் இருக்கிறது. பாகியோ நகரைச் சுற்றி வாழும் இபலோய் மக்களின் மொழிதான் அது.

இதை எப்படிச் சொல்ல முடிகிறது? ஒரே மாதிரிச் சொற்கள் இருந்தால் மட்டும் போதாது. ஐந்துக்கு ‘லிமா’ என்பார்கள் பங்கசினானில்; இலோகானோவிலும், மணிலா பக்கத்து மொழியான தகலோகிலும், மலாயிலும் அதே லிமாதான். பாட்டன் சொத்து எல்லோர் வீட்டிலும் இருக்கும், அதை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது சொத்து எங்கே, எப்படி மாறியது என்பதை.

இந்த மொழிகளின் மூதாதையில் அதிரும் ரகரம் ஒன்று இருந்தது. தொண்டைப் பக்கம் அதிர்ந்ததா, நுனிநாக்கிலா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது கிளைக்குக் கிளை வேறு திசையில் போயிற்று. ‘புதிய’ என்பதற்குத் தகலோகில் பகோ, இலோகானோவில் பரோ, பங்கசினானில் பலோ. (மலேசியாவின் ஜொகூர் பாருவில் உள்ள ‘பாரு’வும் இதே சொல்தான்.) வேர் என்பது இன்னொரு பிலிப்பைன்ஸ் மொழியான செபுவானோவில் கமோத், இலோகானோவில் ரமுத், பங்கசினானில் லமோத். வால் செபுவானோவில் இக்கோக், பங்கசினானில் இக்கோல். ரத்தம் இலோகானோவில் தரா, பங்கசினானில் தலா, இபலோயில் ச்சலா.

எனக்கு இதில் சலிக்காத விஷயம் அந்த ஒழுங்குதான். ‘நம் ஊரில் இனி ல என்போம்’ என்று யாரும் கூடி முடிவெடுக்கவில்லை. நாக்கு மெல்லப் பழக்கத்தை மாற்றுகிறது. மாற்றினால் அந்த ஒலி வரும் சொற்களில் எல்லாம் மாற்றிவிடுகிறது, ரத்தம் வால் என்று பேதம் பார்ப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் வான் டெர் தூக் கவனித்த இந்த ஒழுங்கை, பிலிப்பைன்ஸ் மொழிகளில் விரிவாக ஆராய்ந்து 1911-இல் கட்டுரையாக்கினார் அமெரிக்க மொழியறிஞர் கானன்ட்.

சரி, இபலோய் மக்கள் தங்கத்தோடு மலையிறங்கி வந்து சமவெளியில் வியாபாரம் செய்தவர்கள் ஆயிற்றே, சொற்களும் கைமாறியிருக்கலாமே? கைமாறும். ஆனால் சரக்கின் பெயர் கைமாறுவது போல ரத்தமும் வாலும் லேசில் கைமாறுவதில்லை. மேலும் இரவல் சொல் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இலோகானோவில் தேங்காய் ‘நியோக்’. அந்த மொழியின் விதிப்படி கடைசியில் ர் அல்லவா வந்திருக்க வேண்டும்? ககரம் வந்திருப்பதால் அது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சந்தேகிக்கிறோம்.

ல மட்டும் தீர்ப்பாகிவிடாது. மத்திய மலைப்பகுதி மொழிகள் பலவற்றிலும் அது உண்டு. ர ல-வாவது உலகெங்கும் தனித்தனியே நடக்கிற கதை. எனவே வேறு தடயங்களும் ஒன்றுசேர வேண்டும். இலோகானோவில் ‘பலாய்’ என்றால் வீடு. முடிவில் உள்ள ‘ஆய்’ ஒலியில், அடுத்து வரும் யகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே மேலே எழும்பினால் அது ‘ஏய்’ ஆகும். இபலோயில் வீடு ‘பலேய்’. பங்கசினானிலும் பலேய் உண்டு, ஆனால் பொருள் ஊர். வீட்டுக்கு அங்கே ‘அபொங்’. இப்படி ஒலி, சொல், இலக்கணம் என்று அடுக்கிப் பார்த்துத்தான் பங்கசினான், இபலோய், கராவ், கல்லாஹான், இலோங்கோட் ஆகியவற்றைத் தெற்குக் கொர்டில்லெரா (வட லூசோனின் மலைத்தொடர்) மொழிகள் என்று ஒரே குடும்பமாக வைக்கிறார்கள். யார் மலையிலிருந்து இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்பதை ஒலிகள் மட்டும் சொல்லாது. அதற்குத் தொல்லியலும் மரபணுவும் வேண்டும்.

இத்தனை உழைப்பு இருக்க, பங்கசினான் என்றதும் பேசப்படுவது இளவரசி உர்துஜா. 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா எழுதிய ‘தவாலிசி’ நாட்டுப் போர்வீராங்கனை அவள். அந்த நாடு எங்கே என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு இடம் காட்டுகிறார்கள். லிங்காயெனிலோ ஆளுநர் மாளிகைக்கே அவள் பெயர். கதை இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆற்றாமை வேறு. ரிச்சர்ட் பென்டன் 1971-இல் வெளியிட்ட பங்கசினான் இலக்கணத்தை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு பழைய நூலை நம்பியிருப்பது அந்த நூலுக்குப் பெருமை, ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்குப் பெருமையில்லை. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வியைக் கட்டாயமாக்கிய ஏற்பாட்டையும் 2024 அக்டோபரில் குடியரசுச் சட்டம் 12027 விலக்கிவிட்டது. பலோ என்று சொல்லும் பிள்ளைகள் இருந்தால்தான் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது மிஞ்சும்.