கிளியரன்ஸ்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்

எலக்ட்ரிக்கல் பேனல் வேலை பாக்கறவங்க வாயில ஒரு நாளைக்கு பத்து தடவையாவது வர்ற வார்த்தை கிளியரன்ஸ். பேரிங்குல கிளியரன்ஸ், பஸ்பார் (பேனலுக்குள்ள கரண்ட் கொண்டு போற உலோகப் பட்டை) கிளியரன்ஸ், லைனுக்கும் தரைக்கும் கிளியரன்ஸ், மெஷின் பேனல் முன்னாடி கிளியரன்ஸ், எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதான். தமிழ்ல எழுதும்போது எல்லாத்துக்கும் "இடைவெளி"ன்னு போட்டுடறாங்க. மத்ததுக்கு ஓகே, ஆனா பேனல் முன்னாடி விடற இடத்துக்கு அந்த சொல் பத்தாது.

லத்தீன்ல கிளாருஸ்னா வெளிச்சமான, தெளிவான. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து கிளியர் ஆச்சு, மறைப்பு இல்லாததுன்னு இருந்த அர்த்தம் தடை இல்லாததுன்னும் விரிஞ்சு, கடைசியில தடையில்லாம விட்ட இடத்துக்கே கிளியரன்ஸ்னு பேராயிடுச்சு. நம்ம வெளியும் அப்படித்தான், வெளின்னா தடுப்பில்லாத திறந்த இடம், வெளிச்சத்துக்குள்ளயும் அதே வெளி நிக்குது பாருங்க. முன்னாடி இடை சேந்தா ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கற வெளி. ஒரு பஸ்பாருக்கும் அடுத்த பஸ்பாருக்கும் காத்துல இருக்கற தூரத்துக்கு இது கச்சிதமா பொருந்துது (இன்சுலேட்டர் மேலயே ஊர்ந்து அளந்தா அது கிரீப்பேஜ், வேற கணக்கு).

ஆனா பேனல் முன்னாடி விடற வொர்க்கிங் கிளியரன்ஸ்ங்கறது ரெண்டு பொருளுக்கு நடுவுல விடற தூரம் இல்லீங்க, ஒரு ஆள் நின்னு வேலை செய்யற இடம். அமெரிக்காவோட மின் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்இசில (நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட்) 110.26ம் பிரிவ படிச்சா இது நல்லா புரியும். கரண்ட் இருக்கும்போதே திறந்து பாக்கவோ சரி பண்ணவோ வேண்டி வரக்கூடிய பேனலுக்கெல்லாம் முன்னாடி இடம் விடணும்னு சொல்லி, ஆளுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாத்து ஆழத்த மாத்தறாங்க. அங்க ஃபேக்டரில ஓடற 480 வோல்ட்டுக்கு, எதிர்ல எர்த் ஆன பொருளே இல்லன்னா 914 மில்லிமீட்டர், எதிர்ல கான்கிரீட் சுவரோ செங்கல் சுவரோ இருந்தா அதையும் எர்த்தாதான் எடுத்துக்கணும்னு சொல்லி 1.07 மீட்டர், எதிர்லயும் லைவ் (கரண்ட் இருக்கற) பேனல்னா 1.22 மீட்டர். ஏன்னா கை லைவ்ல பட்டு முதுகு சுவத்துல சாஞ்சிருந்தா கரண்ட் நெஞ்சு வழியாத்தான் போகும். அகலம் 762 மில்லிமீட்டர் இல்லன்னா பேனலோட அகலம், எது பெருசோ அது, உயரம் குறைஞ்சது ரெண்டு மீட்டர், கதவு 90 டிகிரி திறக்கணும், அந்த இடத்துல எதையும் அடுக்கி வைக்கக்கூடாது.

நம்ம ஊர் விதியில எனக்கு ரொம்ப பிடிச்சது 1956 இந்திய மின்சார விதிகள்ல 51வது விதி, 2010ல வந்த மத்திய மின்சார ஆணையத்தோட (சிஇஏ) ஒழுங்குமுறையிலயும் அதே அளவுதான் இருந்துச்சு. ஸ்விட்ச்போர்டுக்கு முன்னாடி குறைஞ்சது 1 மீட்டர். பின்னாடி திறந்த கனெக்‌ஷன் இருந்தா அங்க இருக்கற இடம் 20 சென்டிமீட்டருக்கு கம்மியா இருக்கணும், இல்லன்னா 75க்கு மேல இருக்கணும், நடுவுல எந்த அளவும் கூடாது. எவ்ளோ யோசிச்சு எழுதியிருக்காங்க! 20க்குள்ளன்னா ஆள் நுழையவே முடியாது, 75க்கு மேலன்னா நுழைஞ்சு திரும்பி வெளிய வந்துடலாம், உள்ள போய் சிக்கிக்கற அளவைத்தான் தடுத்திருக்காங்க. ஆளை வெச்சு அளந்த அளவு இது.

நான் வேலை பாத்த ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃபிரேம் (நூல் நூக்கற மெஷின்) பேனல் பக்கத்துல "இடைவெளி விடவும்"னு பேப்பர் ஒட்டியிருந்தோம். ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல டிரைவ் (மோட்டார ஓட்டற யூனிட்) டிரிப் ஆயிடுச்சுன்னு கூப்பிட்டாங்க, போய் பாத்தா பேனல் முன்னாடி நூல் கோன் பெட்டி மார் உயரத்துக்கு அடுக்கியிருக்கு, கதவு பாதிதான் திறக்குது, நான் ஒருக்களிச்சு நின்னு வலது கைய மட்டும் உள்ள விட்டு மீட்டர் புரோப வெச்சேன், முழங்கை கதவு விளிம்புல இடிச்சுகிட்டே இருந்துச்சு, ஷார்ட் ஆகி ஒரு ஃபிளாஷ் அடிச்சா பின்னால நகரக்கூட இடமில்ல. காலைல பெட்டி அடுக்கினவரை கேட்டேன். "இடைவெளி விட்டுத்தானுங்க வெச்சிருக்கறேன்"னாரு. ஆமா, பேனலுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு சாண் விட்டிருந்தாரு. அவர் மேல தப்பே இல்ல, சொல் அதைத்தான் சொல்லுது. "ஆள் பொழங்கற எடம்னு எழுதியிருந்தீங்கன்னா வெச்சிருக்க மாட்டனுங்க"ன்னு அவரே சொன்னாரு.

புழங்குறதுன்னா நடமாடுறது, கையாளுறது ரெண்டும்தான், புழங்கற பாத்திரம், புழங்கற வழின்னு வீட்ல சொல்ற அதே சொல். அதனால கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி, ஆளுக்கு புழங்குவெளின்னு நான் பிரிச்சு எழுதறேன். பணிவெளின்னும் எழுதலாம், அர்த்தம் சரிதான், ஆனா ஷாப் ஃப்ளோர்ல யாரும் பணின்னு பேசறதில்லையே. அந்த பேப்பர கிழிச்சுட்டு தரையில மஞ்சள் பெயின்ட்ல ஒரு மீட்டருக்கு கட்டம் போட்டு, உள்ள "ஆள் புழங்கும் இடம், பொருள் வைக்காதீர்"னு எழுதினோம். பெட்டியெல்லாம் அந்த கோட்டுக்கு வெளியதான் நின்னுச்சு.