விந்தணு மிகக் குறைவா? இக்சிக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்து ஃபைல் தடித்த பிறகுதான் பல வீடுகளில் கணவர் விந்துப் பரிசோதனைக்கு வருகிறார். கவுன்ட் ரொம்பக் குறைவு என்று தெரிந்ததும், "இக்சி பண்ணிடலாமா டாக்டர்?" என்கிறார்கள். ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்சி அருமையான சிகிச்சைதான். ஆனால் காரணம் பார்க்காமல் அதில் இறங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பது கீழ் எல்லை. 50 லட்சத்துக்கும் கீழே போனால் மிகக் குறைவு. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்ட வேண்டாம். சில வாரம் கழித்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து, மறுபடி கொடுங்கள். விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும். எப்போதோ வந்து போன கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியலாம்.

அப்புறம், கணவரை டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். விதைகளின் அளவு, விதைப்பையில் ரத்தநாளங்கள் வீங்கி நரம்புச் சுருளாகும் வெரிகோசீல், விந்துக்குழாய் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கைக்கே தெரியும். ஜிம்முக்குப் போகிறவர் என்றால் ஊசி பற்றி நான் தனியாகக் கேட்பேன், மனைவி முன்னால் சொல்லத் தயங்குவார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், விதைகளுக்கு மூளையடிச் சுரப்பி அனுப்பும் உத்தரவு நின்றுவிடும். கவுன்ட் பூஜ்யம்வரை போகும். டாக்டர் சொல்கேட்டு நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பி வரும். அவருக்கு எதற்கு இக்சி?

கவுன்ட் 50 லட்சத்துக்கும் கீழ் என்றால் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். ஒய்யில் விந்தணு உற்பத்திக்கான 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுதாக இல்லையென்றால், விதையில் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. முன்பே தெரிந்தால் வீண் செலவையும் வலியையும் தவிர்க்கலாம். 'சி' பகுதி மட்டும் இல்லாதவருக்குக் கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். முன்கூட்டியே தெரிந்து முடிவெடுப்பது தம்பதியின் உரிமை.

இனி சிகிச்சை. லேபில் விந்தைச் சுத்தம் செய்த பிறகு ஓடும் விந்தணு 10 லட்சம்கூடத் தேறவில்லையென்றால், அதைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐயில் பலன் மிகக் குறைவு. திரும்பத் திரும்பச் செய்து காலத்தைக் கடத்தாதீர்கள், மனைவியின் வயது காத்திருக்காது. 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த இக்சி முறைக்கு ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். நுண்ணோக்கியில் ஒன்றைத் தேர்ந்து, ஊசிநுனியால் வாலை அழுத்தி அசைவை நிறுத்தி, வால் பக்கமாக உறிஞ்சி எடுத்து முட்டைக்குள் செலுத்துவார்கள்.

விந்தில் விந்தணு ஒன்றுமே இல்லாதவர்களில், பாதை அடைப்பு என்றால் ஊசியிலேயே எடுத்துவிடலாம். உற்பத்தியே குறைவென்றால் மைக்ரோ டீசே. விதையைத் திறந்து, நுண்ணோக்கியில் மெலிந்த குழல்களுக்கு நடுவே சற்றுப் பருத்து வெளுத்திருப்பதைத் தேடி எடுப்போம். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. கிடைத்ததை உறையவைத்துக்கொள்ளலாம்.

கிடைக்காதவர்கள் சிலர், "தம்பிகிட்ட வாங்கலாமா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். இந்தியாவில் 2021 சட்டப்படி பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் கொடை விந்தணு பெற முடியும். பிறக்கும் குழந்தை சட்டத்தின் கண்ணில் உங்கள் சொந்தக் குழந்தை. கொடுத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே செய்வோம். அவர் மனதார ஒப்புக்கொள்ளும்வரை, அம்மா, நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.