டிவிடி பிளேயர் வாங்கும்முன்: ஒரே லென்ஸ், இரண்டு லேசர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் டிவி மேசையின் இழுப்பறையைத் திறந்தால் இன்றும் மூன்று வகை வட்டுகள் கிடைக்கும்: இரண்டு மூன்று தட்டாக வந்த பழைய தமிழ்ப்பட விசிடி, பக்திப்பாடல் சிடி, ஸ்டூடியோக்காரர் பதிந்து கொடுத்த கல்யாண டிவிடி. பிளேயர் பழுதாகிப் புதிதாக வாங்கப் போனால், பெட்டியில் பெரிதாக அச்சடித்த 1080 என்ற எண்தான் (படத்தின் உயரத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) முதலில் கண்ணில் படும். அந்த எண்ணுக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. விசிடியின் படம் அதிகபட்சம் 352-க்கு 288 புள்ளிதான். டிவிடியின் படம் அதிகபட்சம் 720-க்கு 576. வட்டில் இல்லாத நுணுக்கத்தை எந்தப் பிளேயரும் உண்டாக்கித் தராது. படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கும் வேலையை இன்றைய டிவியே செய்துவிடும்.

காசு போக வேண்டிய இடம் லென்ஸ். வட்டின் அடிப்பக்கம், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருள்போல ஒரே தடம் ஓடுகிறது. சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. ஒரு தலைமுடியின் அகலத்தில் சிடி தடம் நாற்பதாவது அடங்கும், டிவிடி தடம் தொண்ணூறு. சிடிக்கும் விசிடிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் வேண்டும்; டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சாதாரண டிவிடி பிளேயரில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே லென்ஸ் வழியாகத்தான் மேலே வருகின்றன. பயறளவே உள்ள அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. சுழலும் வட்டு சற்று நெளிந்தாலும், பக்கத்திலுள்ள கம்பிச்சுருள்கள் அதை மேலும் கீழும் இழுத்துக் குவியத்தைப் பிடித்து வைக்கின்றன.

லேசர் இரண்டு என்பதால் ஒன்று தேய்ந்து மற்றொன்று நன்றாக இருக்கலாம். "விசிடி ஓடுது, டிவிடி போட்டா 'நோ டிஸ்க்'னு வருது" என்றால் சிவப்பு லேசர் சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிளேயர் வாங்குகிறவர்கள் ஒரே ஒரு வட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து நாலு வட்டு எடுத்துப் போங்கள்: ஒரு விசிடி, ஒரு பாட்டு சிடி, ஒரு முழுநீளப் பட டிவிடி, அந்தக் கல்யாண டிவிடி. கடைசி வட்டுதான் கடுமையான பரீட்சை. கடையில் விற்கும் படங்கள் அலுமினியப் படலத்தில் அச்சடித்தவை; ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஸ்டூடியோவில் பதிந்த வட்டில் தகவல் இருப்பது ஒரு சாயப்பூச்சில். அது திருப்பும் ஒளி குறைவு. வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்தால் இன்னும் மங்கும். தட்டை மூடியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'விர்ர்' என்று ஒரே தடவை வேகம் எடுத்துச் சில விநாடியில் படம் வந்தால் லென்ஸ் ஆரோக்கியம். சுழன்று, நின்று, டிக் டிக்கென்று தட்டி, மறுபடி சுழன்றால் அது குவியம் கிடைக்காமல் தேடுகிறது. புதுப் பெட்டியாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

பட டிவிடியைத் தொடக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. நீளமான படங்கள் 8.5 ஜிபி கொள்ளும் ஈரடுக்கு வட்டில் வரும். முதல் அடுக்கு முடிந்ததும் லென்ஸ் குவியத்தை மாற்றி இரண்டாம் அடுக்குக்குப் போக வேண்டும். படத்தின் நடுவில் ஒரு நொடி திணறுவது இதனால்தான், அது பழுதல்ல. வலு குறைந்த லென்ஸ் அங்கேயே உறைந்து நின்றுவிடும். ஆகவே பாதிப் படத்துக்குத் தாவி, அங்கிருந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

புளூரே வட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே புளூரே பிளேயர் தேவை. அது டிவிடியையும் ஓட்டும். ஆனால் விசிடியை ஏற்காத மாடல்கள் உண்டு. இழுப்பறை நிறைய விசிடி இருந்தால் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எந்த நாட்டில் ஓடும் என்று குறிக்கும் மண்டல எண்ணையும் பாருங்கள். டிவிடியில் மலேசியா 3, இந்தியா 5. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த வட்டில் 5 என்று மட்டும் இருந்தால், 3-க்குப் பூட்டிய பிளேயர் அதை மறுத்துவிடும். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் நமக்கு வசதி. விசிடிக்கு இந்தப் பூட்டே கிடையாது. டிவி படத்துக்கு பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு முறைகள் உண்டு. இந்தியாவில் வெளியாகும் டிவிடிகளில் பல என்டிஎஸ்சி முறையில் இருப்பதால், பிளேயரில் இரண்டும் ஓட வேண்டும்.

புது டிவி பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இல்லை. பிளேயரின் பின்பக்கம் படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா, அதற்கான கேபிள் பெட்டிக்குள் வருகிறதா என்று பாருங்கள். மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையும் இருக்க வேண்டும்.

வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் மயிரிழை அளவே கெடுக்கும். சிடி பிளேயரின் பிழைதிருத்தம் தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை விட்டுப்போனதை நிரப்பிவிடும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு நீண்டு ஓடுவதால் அந்த அளவைத் தாண்டிவிடும். சிடியின் மேல்பக்கமும் கவனம்: தகவல் படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கூர்மையான பேனாவால் பெயர் எழுதினாலே போய்விடும்.

நம் ஊர் இடிமழையில் மூன்று முள் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. மின்னல் டிஷ் கேபிள் வழியாக வந்து, டிவியைத் தாண்டி, எச்டிஎம்ஐ வழியே பிளேயருக்குள் புகலாம். வானம் இருட்டியதும் அந்த டிஷ் கேபிளையும் பிடுங்கி வையுங்கள்.