கரண்ட் ஒயரில் இன்டர்நெட் போவது எப்படி?

ரூட்டர் கீழே ஹாலில், கம்ப்யூட்டர் மாடி அறையில், நடுவில் கான்கிரீட் தளமும் ஒன்பது இன்ச் செங்கல் சுவரும். வைஃபை மாடிக்குப் போய்ச் சேரும்போது உயிரே இருக்காது. லேன் கேபிள் இழுக்கலாம் என்றால் சுவரைக் குடைய வேண்டும், வாடகை வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஆனால் அந்த அறைக்கு ஏற்கெனவே ஒரு செம்புக் கம்பி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஃபேன் ஓடுவதே அதில்தான். அதிலேயே டேட்டாவையும் அனுப்புவதுதான் பவர்லைன் அடாப்டரின் வேலை. ஜோடியாக வரும்: ஒன்றை ரூட்டர் பக்கத்தில் பிளக் பாயிண்டில் சொருகி லேன் கேபிளால் ரூட்டரோடு இணைக்க வேண்டும், மற்றதை மாடியில் சொருகினால் அதன் லேன் போர்ட்டில் இன்டர்நெட் வரும்.

230 வோல்ட் ஓடும் ஒயரில் டேட்டாவா, அடாப்டர் கருகிவிடாதா என்று கேட்பார்கள். கருகாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மட்டுமே அலைகிறது, டேட்டா சிக்னலோ பல மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குப் பல லட்சம் முறை அலைகிறது. இரண்டையும் பிரிக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் போதும். 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸுக்கு அது காட்டும் எதிர்ப்பு சுமார் 3 லட்சம் ஓம். 5 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கெப்பாசிட்டர் காட்டுவது 3 ஓம்தான். கரண்டுக்குச் சுவர், சிக்னலுக்குத் திறந்த கதவு.

யோசனையும் புதிதல்ல. துணை மின் நிலையத்தில் உயர் அழுத்தக் கம்பி உள்ளே நுழையும் இடத்தில், தடித்த உருளை வடிவக் கம்பிச்சுருள் ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கலாம். அதற்கு வேவ் டிராப் என்று பெயர். நிலையங்களுக்கு இடையே அந்தக் கம்பியிலேயே போகும் பேச்சும் கட்டுப்பாட்டு சிக்னலும் நிலையத்துக் கருவிகளுக்குள் கசிந்து வீணாகாமல் தடுப்பதற்காக அது இருக்கிறது.

சரி, அப்படியென்றால் வீட்டில் மட்டும் ஏன் சில சமயம் சொதப்புகிறது? வீட்டு ஒயரிங்கை யாரும் டேட்டாவுக்காகப் போடவில்லை, அதனால்தான். ஒரு ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஐந்து மீட்டர் ஒயர் பிரிந்துபோய் யாரும் பயன்படுத்தாத பிளக் பாயிண்டில் முடிகிறது என்று வையுங்கள். சிக்னலில் ஒரு பங்கு அந்தப் பக்கம் ஓடி, முட்டுச்சந்தில் மோதித் திரும்பி வரும். ஒயரில் சிக்னல் நொடிக்கு ஏறக்குறைய 18 கோடி மீட்டர் வேகத்தில் போவதாகக் கணக்குப் போட்டால், 9 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் அலை சரியாகத் தலைகீழாகத் திரும்பி வந்து, நேராகப் போகும் அலையையே அடித்துவிடும். அந்த அதிர்வெண் அந்த வீட்டில் செத்தது. இப்படி எத்தனை பாயிண்ட், எத்தனை கிளை! போதாக்குறைக்கு மலிவு எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் ஒயருக்குள் இரைச்சலைக் கொட்டும். மிக்ஸி ஓடினால் கேட்கவே வேண்டாம், மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ ஒலிபரப்புதான்.

இதோடு சண்டை போடாமல் விட்டுக்கொடுத்துப் போவதில்தான் இந்தக் கருவியின் சாமர்த்தியம். பவர்லைன் அடாப்டர்களுக்காக 2005-இல் வந்த ஹோம்பிளக் ஏவி தரம் ஏறக்குறைய 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை நூற்றுக்கணக்கான மெல்லிய துணை அலைகளாக நறுக்குகிறது. வட அமெரிக்காவில் 917. ஓஎஃப்டிஎம் என்கிற இதே முறைதான் வைஃபையிலும் 4ஜி-யிலும் இருக்கிறது. இரண்டு அடாப்டர்களும் ஒன்றுக்கொன்று சோதனை சிக்னல் அனுப்பி, எந்தத் துணை அலை சுத்தமாக வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளும். நன்றாக இருப்பதில் ஒரு தடவைக்கு 10 பிட் வரை ஏற்றும், சுமாரானதில் ஒன்றிரண்டு, செத்ததில் ஒன்றும் ஏற்றாது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஃபேன் ரெகுலேட்டர் போன்றவற்றின் இரைச்சல் மின்சார அலையின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே வருவதால், 20 மில்லிநொடிச் சுழற்சியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வரைபடம் வைத்துக்கொள்ள முடியும். அலை எந்த இடத்தில் இருக்கும்போது எவ்வளவு பேசலாம் என்பதுவரை கணக்கு!

விட்டு வைத்த பட்டைகளும் உண்டு. வீட்டு ஒயர் ஒரு நல்ல ஆன்டெனாவும்கூட என்பதால், பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அதிர்வெண்களில் அடாப்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம். 600 என்று அச்சடித்த அடாப்டரில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும், கொடுமை. அந்த 600 என்பது ஒயரில் ஓடும் மொத்த வேகம், அதிலும் போவதும் வருவதும் ஒரே ஒயரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. போர்ட் தடுக்காத அடாப்டரிலும், மூன்றில் ஒரு பங்கு கையில் கிடைத்தாலே நல்ல ஒயரிங் என்பேன்.

வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஸ்பைக் பஸ்டரிலிருந்து அதைப் பிடுங்கி நேராகச் சுவர் பாயிண்டில் சொருகுவது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் ஃபில்டர் இரைச்சலோடு சேர்த்து டேட்டாவையும் விழுங்கிவிடும். அப்புறம் நம்மூர்ப் பிரச்சினை, த்ரீ பேஸ். கீழ்த்தளம் ஒரு பேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒயர்கள் ஒட்டி ஓடும் இடங்களில் தாவிப் போகும் சிக்னல்தான். சில வீட்டில் அதுவே போதும், சில வீட்டில் சுத்தமாக வராது, சொருகிப் பார்த்தால்தான் தெரியும். எந்த அறை எந்த பேஸ் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது, பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதியோடு வாங்குவது இன்னும் நல்லது. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் இரண்டு அடாப்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் சிக்னல் பக்கத்து வீட்டுக்கும் கசியலாம். தரத்தில் 128 பிட் ஏஇஎஸ் என்கிற குறியாக்கப் பூட்டு இருக்கிறது, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் பல அடாப்டர்களுக்குச் சாவி ஒன்றுதான். சொருகியவுடன் இரண்டிலும் ஜோடி சேர்க்கும் பேர் (Pair) பட்டனை அழுத்திப் புதுச் சாவி போட்டுவிடுங்கள்.