வால்ட்ஸ்: 'சுழல் நடன மன்னர்' ஆடினாரா?

'சுழல் நடன மன்னர் யோஹான் ஸ்ட்ராஸ்.' ஆஸ்திரிய இசையமைப்பாளரின் 'வால்ட்ஸ் கிங்' என்ற பட்டத்துக்கு இப்படியொரு தமிழ், இந்த வருடம் மூன்றாவது முறையாகக் காதில் விழுந்துவிட்டது. மனிதர் மேடையில் சுழன்று சுழன்று ஆடினார் என்றல்லவா கேட்பவர் நினைப்பார்? அவர் கையில் இருந்தது வயலின்.

வால்ட்ஸ் என்ற சொல்லின் வேரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஜெர்மனில் 'வால்ட்சன்' என்றால் உருளுதல், சுழலுதல். அதிலிருந்து வால்ட்சர், ஆங்கிலம் வழியாக நமக்கு வால்ட்ஸ். ஆக 'சுழல்' சரிதான். 'நடனம்'தான் வம்பு.

வால்ட்ஸ் என்பது மூன்று தட்டுக் கணக்கில் ஜோடியாகச் சுழன்று ஆடும் ஆட்டத்துக்கும் பெயர், அதற்கான இசைக்கும் பெயர். 1844-இல் வியன்னாவை அடுத்த ஹீட்சிங்கில் ஸ்ட்ராஸ் முதன்முதலாகக் குழுவோடு மேடையேறியபோது ஜனங்கள் ஆடத்தான் வாசித்தார். (மகன் இசைப்பக்கமே வரக்கூடாது என்று நின்ற அப்பாவுக்கும் அதே பெயர், அதே தொழில். அப்பாவின் ராடெட்ஸ்கி அணிவகுப்பை மகன் கணக்கில் எழுதுகிறவர்கள் தனி ரகம்.) ஆனால் 1867-இல் அரங்கேறிய அவருடைய 'நீல டான்யூப்' வால்ட்ஸ் எப்படித் தொடங்குகிறது? வயலின்கள் நடுங்க, கொம்பு மெல்ல எழும். அந்த முன்னிசைக்கு யார் ஆடுவது? பிறகு ஐந்து வால்ட்ஸ்கள் தொடர்ந்து வரும், கடைசியில் முத்தாய்ப்பு. நம் மொழிபெயர்ப்பாளர் கையில் இது 'ஐந்து சுழல் நடனங்கள் அடங்கிய சுழல் நடனம்' ஆகும். எழுதுவார், கூசாமல்.

ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண் ஒருத்தி விசிறியில் கையெழுத்துக் கேட்டபோது, இன்னொரு பெரிய இசையமைப்பாளரான பிராம்ஸ் இந்த வால்ட்ஸின் தொடக்கத்தை இசைக்குறியீட்டில் எழுதி, 'ஐயோ, இது பிராம்ஸ் எழுதியதல்ல' என்று கீழே எழுதிக் கொடுத்தார். நடனத்தைப் பார்த்தா ஏங்கியிருப்பார்?

சுழல் நடனம் என்றால் சூஃபிகள் ஆடுவதும் அதுதானே. மூன்று தட்டு என்ற அடையாளம் அதில் எங்கே? அதைச் சொல்லப்போய் ஒருவர் 'மூவடி நடனம்' என்று கட்டினார். எனக்கு வாமனன்தான் நினைவுக்கு வந்தான். நம் தாளக் கணக்கில் மூன்றுக்குப் பெயர் திஸ்ரம், அப்படியே சொல்லிவிட்டால் என்ன என்பார்கள் கச்சேரிக்காரர்கள். அது எண்ணிக்கை மட்டும். வியன்னாக்காரர்கள் வாசிக்கும்போது இரண்டாம் தட்டு மயிரிழை முந்தி விழுமே, அந்தச் சாய்வு திஸ்ரம் என்ற சொல்லில் இல்லை.

ஆட்டத்துக்குச் 'சுழலாட்டம்' இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. இசைக்கு வால்ட்ஸ்தான். 'ட்ஸ்' உறுத்தினால் 'வால்சு' என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டம் கொடுத்தே தீரவேண்டுமா? 'வால்ட்ஸ் வேந்தர்' என்று கொடுங்கள். மோனையும் சும்மா கிடைக்கிறது.