நீச்சல் தடாகத்தின் வேலியை முதல் வரைபடத்திலேயே போடுங்கள்

"வேலியைக் கடைசியாப் பார்ப்பம் அண்ணா. இப்ப தடாகத்தை முடிச்சுத் தாங்கோ."

கொழும்பில் வீடு கட்டுகிறவர்களிடம் இந்த வார்த்தையைப் பல தடவை கேட்டுவிட்டேன். கட்டடக்கலை வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். ராஜகிரிய, நாவல, பத்தரமுல்லை, கல்கிசைப் பக்கங்களில் 15 பேர்ச் காணி என்றாலும் பின்வளவில் சின்னதாக ஒரு நீச்சல் தடாகம் வேண்டும் என்று கேட்கிறார்கள். ரைல்ஸின் நிறத்துக்குப் படம் காட்டுவார்கள். தண்ணீருக்குள் எரியும் லைற்றுக்குப் படம் காட்டுவார்கள். ஓரத்தில் போடும் சாய்கதிரைக்குக்கூடப் படம் இருக்கும். வேலிக்கு மட்டும் இருக்காது. கையிலிருந்த காசும் முடிந்து, தடாகத்தைச் சுற்றி இடமும் முடிந்த பிறகு, கிறில் அடிக்கிற பாஸைக் கூப்பிட்டு "இந்த அளவுக்கு ஒண்டு அடிச்சுத் தாங்கோ" என்பார்கள். அப்படி வருகிற வேலி அழகாகவும் இருக்காது, பிள்ளையைத் தடுக்கவும் மாட்டாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ராஜகிரியவில் ஒரு வீடு. தடாகம் நான் வரைந்தது. வேலியை வீட்டுக்காரர்கள் பிறகு தாங்களே செய்வித்தார்கள். கம்பிகள் கிடையாக ஓடும் வேலி, சாம்பல் நிறம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குடிபுகுந்த அன்று அதைப் பார்த்தேன். "கம்பியை நிலைக்குத்தாகப் போட்டிருக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னேன். பிறகு வடை சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஆடிவேலுக்கு ரொறன்ரோவிலிருந்து உறவினர்கள் வந்து நின்றார்கள். அவர்களுடைய மகளுக்கு மூன்றரை வயது. பெரியவர்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்கள். உடுப்புக் காயப்போட வெளியே வந்த அம்மம்மா பார்த்தபோது, பிள்ளை வேலியின் உச்சிக் கம்பியில் இருந்தாள். ஒரு கால் அந்தப் பக்கம். ஏணியில் ஏறுவதுபோல ஒவ்வொரு கம்பியாக ஏறியிருக்கிறாள். அம்மம்மா சத்தம் போடவில்லை. மெல்ல நடந்து போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்தது. அடுத்த நாள் போனபோது அம்மம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, ஊரில கிணத்துக்குக் கட்டுக் கட்டாமல் விடுவமே?"

பதில் சொல்ல முடியவில்லை. ஊரில் கிணறு வெட்டினால் கட்டும் சேர்ந்தே வரும். அதை யாரும் தனிச் செலவாகக் கணக்குப் பார்ப்பதில்லை. "கட்டைப் பிறகு பார்ப்பம்" என்று ஒரு மேசனிடம் சொன்னால் அவரே வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார். அதே ஆட்கள்தான் கொழும்புக்கு வந்து, கிணற்றை விட அகலமான தண்ணீரை வரவேற்பறைக் கதவுக்கு நேரே திறந்து வைத்திருக்கிறோம்.

பிள்ளை தண்ணீரில் விழுந்தால் சத்தம் கேட்கும், கைகாலை அடிக்கும், ஓடிப் போய்த் தூக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளை மூழ்குவது அநேகமாகச் சத்தமில்லாமல்தான் நடக்கும். வாய் தண்ணீருக்குள் போனபின் கத்த மூச்சு இருக்காது. சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்பட்டுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், நீரில் மூழ்கி இறப்பவர்களின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடையேதான் மிக அதிகம். தண்ணீருக்குப் போகும் வழியைத் தடுப்பிட்டு மறிப்பதை அந்த நிறுவனம் முக்கியமான தடுப்பு முறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் என்பது எப்போதும் உண்மை. அந்த ஆளுக்குத் தொலைபேசி வருகிற, அடுப்பில் பால் பொங்குகிற அந்த நேரத்துக்குத்தான் வேலி.

சரி, எப்படிப்பட்ட வேலி? நான் வரையும்போது அவுஸ்திரேலிய நியமத்தின் அளவுகளைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுத் தடாகங்களுக்கு வேலி போடுவதில் நெடுநாள் அனுபவம் உள்ள நாடு அது. வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீற்றர். நிலைக்குத்துக் கம்பிகளுக்கு இடையிலும், வேலிக்கு அடியிலும் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. கிடைக் கம்பிகள் இருந்தால் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் 90 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும், அதாவது மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான். வளவின் எல்லை மதிலே தடாகத்துக்கும் தடுப்பாக நிற்கிறதென்றால் அதற்கு 1.8 மீற்றர் உயரம். பிரான்சில் 2003 ஜனவரியில் வந்த சட்டம், நிலத்துக்குள் கட்டிய தனியார் தடாகங்களுக்கு வேலி, அபாய ஒலி, மூடி, மேற்கூடு என்ற நான்கில் ஒன்றையாவது கட்டாயமாக்கியது. நான்கிலும் எனக்கு வேலியில்தான் நம்பிக்கை. மூடியை ஒவ்வொரு முறையும் யாராவது இழுத்துப் போட வேண்டும். ஒலி கேட்கும்போது பிள்ளை ஏற்கெனவே தண்ணீரில் இருக்கும்.

நாங்கள் அதிகம் பிழைவிடுவது நாலாவது பக்கத்தில். மூன்று பக்கமும் மதில் இருக்கிறது, நாலாவது பக்கம் வீடுதானே என்று விட்டுவிடுகிறோம். பிள்ளை வருவது வீட்டிலிருந்துதான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடும் இதையே சொல்கிறது: தடாகத்தை நாலு பக்கமும் தனியாகச் சுற்றி அடைக்கும் வேலி, வளவை மட்டும் சுற்றி நிற்கும் வேலியை விட நன்றாகக் காக்கிறது. இங்கேதான் வீட்டுக்காரர்களோடு எனக்கு வாக்குவாதம் வரும். உள்ளும் வெளியும் ஒன்றாகக் கலக்கும் வீடுகளைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடமிருந்து கற்ற ஊர் இது. வரவேற்பறையிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று கேட்பதில் பிழை இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. தெரிவது வேறு, நடந்து போவது வேறு. தண்ணீரை மறைக்காத வேலி நல்லதும்கூட, ஏனென்றால் குசினியில் நிற்பவருக்கும் தடாகம் தெரிய வேண்டும். வீட்டுக்கும் தடாகத்துக்கும் நடுவில் உயரமான மறைப்புச் சுவர் எழுப்பக் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதனால்தான் பலர் கண்ணாடியைக் கேட்கிறார்கள். 12 மில்லிமீற்றர் தடிப்பான உறுதியூட்டிய கண்ணாடி, சுற்றிவர உலோகச் சட்டகம் இல்லாமல், அடியில் சின்ன உலோகக் கால்களில் நிற்கும். உண்மையிலேயே அழகு. பிள்ளைக்குக் கால் வைக்கவும் இடம் கிடைக்காது. கண்ணாடி சதுர மீற்றருக்கு 30 கிலோ வரும். 1.2 மீற்றர் அகலமும் அதே உயரமும் உள்ள ஒரு தகடு 43 கிலோ. அந்தப் பாரத்தையும், அதில் சாய்கிற பெரிய ஆளையும் அந்தச் சின்னக் கால்கள்தான் தாங்க வேண்டும். கால்களுக்குக் கீழே கம்பி கட்டிய கொன்கிறீற் இருக்க வேண்டும். வெறும் மண்ணில் ஒட்டிய ரைல்ஸில் துளை போட்டு நிறுத்தினால் ஒரு மழைக்காலத்துக்குள் ஆடத் தொடங்கிவிடும். தடாகம் முடிந்தபின் துளை போட்டபோது தண்ணீர்க் குழாயையும் லைற்றின் வயரையும் சேர்த்து அறுத்த வேலைத்தளத்தை நேரிலேயே பார்த்திருக்கிறேன். முதல் வரைபடத்திலேயே வேலி இருந்தால் கொன்கிறீற் போடும்போதே அதன் இடம் தெரியும், குழாயும் விலகி ஓடும்.

உறுதியூட்டிய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. ஆகவே ரைல்ஸ் பதித்தபின் அளவெடுத்துத்தான் கட்டளை கொடுக்க வேண்டும். இன்னொன்று, அதற்குள் நிக்கல் சல்பைட் துணுக்கு இருந்தால் ஒருநாள் காரணமில்லாமல் தானாகவே நொறுங்கலாம். தொழிற்சாலையில் வெப்பத்தில் வைத்துச் சோதித்த கண்ணாடியா என்று கேளுங்கள். அந்தச் சோதனையில் பலவீனமானவை பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கல்கிசை என்று காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள் உலோகத்தில் கவனமாக இருக்க வேண்டும். கடலின் உப்புக் காற்று ஒரு பக்கம், தடாகத்தின் குளோரின் மறுபக்கம். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்றால் துருப்பிடிக்காது என்று நம்பி 304 ரகத்தை வாங்கிப் பொருத்துகிறார்கள். கொஞ்ச நாளில் தேத்தண்ணிக் கறைபோலப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பை அது நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 316 என்றாலும் வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த தெரிவு, பவுடர் கோற்றிங் செய்த அலுமினிய நிலைக்குத்துக் கம்பி வேலி. கண்ணாடியை விடப் பராமரிப்புக் குறைவு, காற்று போய்வரும். நிறத்தில் ஒரு விஷயம். வெள்ளை வேலி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். மினுக்கம் இல்லாத கறுப்போ கரிச்சாம்பல் நிறமோ செடிகளின் பச்சைக்குள் ஒதுங்கிவிடும். நாலு மீற்றர் தள்ளி நின்று பார்த்தால் கண் வேலியைத் தாண்டித் தண்ணீருக்குப் போகும். அலுமினியத்தில் ஸ்ரெயின்லெஸ் ஆணி போடும்போது இடையில் பிளாஸ்ரிக் வளையம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப் போகும். எந்த உலோக வேலி என்றாலும், தடாகத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று மின்வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பம்பும் லைற்றும் உள்ள இடம், வேலியையும் பூமி இணைப்போடு சேர்க்க வேண்டுமா என்பதை அவர் பார்க்க வேண்டும்.

மரம் அழகுதான். எங்கள் மழைக்கும் கறையானுக்கும் அதைக் காப்பாற்றுவது பெரிய வேலை. தேக்கில் செய்து வருடாவருடம் எண்ணெய் பூசத் தயாராக இருந்தால் போடுங்கள். கபுக் கல் (செம்பூரான் கல்) மதில் இங்கே பலருக்கு விருப்பம். கல்லைப் பூசாமல் விட்டால் அதன் குழிகளில் பிள்ளையின் விரல் நன்றாகப் பிடிக்கும், கால் பெருவிரலும் நிற்கும். அதனால் தடாகத்தின் பக்கம் வராத முகத்தை, பிள்ளை ஏற வரும் பக்கத்தை, வழுவழுப்பாகப் பூசிவிடுங்கள். செவ்வரத்தை, போகன்வில்லா வேலி எவ்வளவு அடர்த்தியானாலும் பிள்ளை குனிந்து நுழைந்துவிடும். செடி வேண்டுமானால் கம்பி வேலிக்கு உட்புறமாக, தடாகப் பக்கம் நடுங்கள்.

வெளிப்புறத்தில் வேலியை ஒட்டி 90 சென்ரிமீற்றருக்குள் ஏறி நிற்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பூச்சாடி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, பம்புப் பெட்டி, நாயின் கூடு, பிளாஸ்ரிக் கதிரை. வேலி 1.2 மீற்றர் உயரம், அதன் காலடியில் அரை மீற்றர் உயரச் சாடி ஒன்று இருந்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். சின்னக் காணியில் இந்த 90 சென்ரிமீற்றரைக் கடைசியில் தேடினால் கிடைக்காது. மாநகர சபைக்கு அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

இனிப் படலை. வேலிக்குச் செலவழிக்கிற யோசனையில் பாதியை இதற்குக் கொடுங்கள். படலை தடாகத்துக்கு எதிர்ப்புறமாக, வெளியே திறக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை சாய்ந்து தள்ளினாலும் அது மூடும் பக்கமே போகும். தானே மூட வேண்டும், மூடியதும் தானே பூட்ட வேண்டும். தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். வேலை முடித்துக் கொடுக்கும் நாளில் நான் மூன்று தடவை சோதிப்பேன். முழுவதும் திறந்து விடுவேன், பாதி திறந்து விடுவேன், அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் திறந்து விடுவேன். மூன்றாவதில்தான் பல படலைகள் தோற்கும். வேகம் போதாமல் தாழ்ப்பாளில் முட்டி நின்றுவிடும், தூரத்தில் பார்த்தால் பூட்டியதுபோலத் தெரியும். படலையைத் தானே மூடவைக்கும் பிணைச்சலின் சுருள் கடற்காற்றில் இறுகிப்போவதால், மாதம் ஒரு தடவை நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். பிறந்தநாள் விருந்து நடக்கும்போது தட்டுகளோடு போய்வர இடைஞ்சல் என்று படலைக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள். வீடு நிறையப் பிள்ளைகள் இருக்கும் ஒரே நாள் அதுதான். அந்தக் கல்லைக் கண்டால் யார் வீடென்று பார்க்காமல் எடுத்துப் போடுங்கள்.

வேலிக்கு உட்புறம் ஒரு மிதவை வளையமும் நீண்ட தடியும் மாட்டி வையுங்கள். வீட்டில் ஒருவராவது செயற்கைச் சுவாசம் கொடுக்கப் பழகியிருக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸின் 1990 என்ற இலக்கம் வீட்டில் வேலைக்கு நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ராஜகிரிய வீட்டின் வேலியைக் கழற்றி மாற்றினோம். கறுப்பு அலுமினியம், நிலைக்குத்துக் கம்பி, வீட்டுப் பக்கமும் சேர்த்து நாலு பக்கம். துளை போடக் கொன்கிறீற் இல்லாததால் இரண்டு பக்கத்தில் ரைல்ஸை உடைத்துப் புதிதாக அடித்தளம் போட வேண்டியிருந்தது. முதலிலேயே செய்திருந்தால் அந்தச் செலவு இல்லை. வேலை முடிந்த அன்று அம்மம்மா வந்து படலையை முழுவதும் திறந்து விட்டார், பூட்டியது. பாதி திறந்து விட்டார், பூட்டியது. "கொஞ்சமாத் திறந்து விடுங்கோ" என்றேன். விட்டார், ஒரு கணம் நின்றுவிட்டுக் கிளிக் என்று பூட்டியது. பிறகு வேலியோரம் கிடந்த தன் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மாமரத்துக்குக் கீழே வைத்தார்.